சிமியோன் நாளில் அறுத்த ரொட்டி

காபியில் நான் சர்க்கரை சேர்ப்பதில்லை. நீங்கள் கொடுத்ததைத் தொடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அவ்வளவுதான், அம்மா. அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தெற்கே, எங்கள் மானிப் பக்கத்தில் ஒருவர் தந்த காபியை மறுத்தால் பகை என்று பொருள். உங்கள்மேல் எனக்குப் பகை இல்லை. நீங்கள் உங்கள் வேலையைச் செய்கிறீர்கள்.

போன முறை நீங்கள் விசாரணைக்குக் கூப்பிட்டபோது இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்த மாத்திரை என்னவென்று எனக்குத் தெரியாது என்றேன். அது பொய். இன்று யாரும் என்னைக் கூட்டி வரவில்லை. பஸ் ஏறி நானாக வந்தேன். முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே கேள்வி வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த விஷயத்தில் அந்தப் பழக்கம் நிறையக் கெடுதல் செய்துவிட்டது.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளையைத் துப்பாக்கி என்பார்கள். 'உன் வீட்டில் எத்தனை துப்பாக்கி?' என்றுதான் கேட்பார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. மூன்று பெண்கள். மூத்தவர்கள் இருவரும் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது ஸ்டமாத்தா என்று பெயர் வைத்தோம். நில், போதும் என்று பொருள். நின்றுவிட்டது. அவளுக்குப் பிறகு பெண்ணும் இல்லை, பையனும் இல்லை. மவ்ரிகாகோஸ் என்ற எங்கள் குடும்பப் பெயர் என்னோடு முடிகிறது. அதனால் அந்தப் பெயர்மேல் ஒரு தூசி விழாமல் பார்த்துக்கொள்வது என் கடமையாக இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எப்படி யோசித்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் மனைவி கரூஃபல்யா புற்றுநோயில் இறந்தாள். பாருங்கள், அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் முறை. எங்கள் ஊரில் அதைச் சொல்வதில்லை. 'சபிக்கப்பட்டது' என்போம், அதையும் தாழ்ந்த குரலில். ஊருக்கு அவள் இருதயக் கோளாறில் போனாள். அவளுக்குமே அப்படித்தான் சொல்லியிருந்தோம். கடைசிவரை நெஞ்சைத் தடவிக்கொண்டே கிடந்தாள், வலி இருந்தது வேறு இடத்தில்.

சில வருடங்கள் கழித்து, ஸ்டமாத்தாவுக்குக் கிதியோ நகரத்தில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. வேலையில் சேர இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அங்கிருந்து ஏதென்ஸுக்குப் போகச் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அக்லயா என்ற அம்மாள் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். மகள் வெளியே பெஞ்சில் எள் தூவிய ரொட்டி வளையம் தின்றுகொண்டிருந்தாள். மஜ்ஜையில் வரும் ஒருவகைப் புற்று, மெதுவாகப் போவது, மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் நெடுநாள் வாழலாம் என்றார்.

"பொண்ணுகிட்ட எப்படிச் சொல்லப்போறீங்க? நான் சொல்லட்டுமா?"

"யாரும் சொல்ல வேண்டாம். இரத்தசோகைன்னு சொல்லுங்க, இரும்பு மாத்திரைன்னு குடுங்க."

"அவ சின்னப் பிள்ளை இல்லையே."

"கல்யாணம் ஆகாத பொண்ணும்மா. எங்க ஊரு உங்களுக்குத் தெரியாது."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் குடும்பம் சொல்வதுதான் நடக்கும். எந்த டாக்டரும் அதை மீறமாட்டார். ஒன்று மட்டும் என்னை உட்காரவைத்துச் சொன்னார், மெதுவாக, எழுதப்படிக்கத் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல.

"இது வேகமாப் பெருகுற அணுக்களத் தடுக்கிற மருந்து. வயித்துல இருக்கிற குழந்தையும் வேகமாப் பெருகுறதுதான். எது நோய், எது குழந்தைன்னு மருந்துக்குத் தெரியாது. இதைச் சாப்பிடுறப்போ கர்ப்பம் ஆகக் கூடாது. கல்யாணம் முடிவாச்சுன்னா முன்னாடியே வாங்க. இதை நிறுத்திட்டு வேற ஊசி போடலாம், அது குழந்தைக்குப் போகாது. நல்லபடியாப் பெத்துக்கலாம். தப்பித் தவறி ஆயிடுச்சுன்னா அன்னைக்கே ஃபோன் பண்ணுங்க. நீங்களா நிறுத்தவும் வேணாம், நீங்களாத் தொடரவும் வேணாம்."

தெளிவாகச் சொன்னார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உங்களிடம் புகார் கொடுத்தவர் அவர்தான் என்பதும் தெரியும். நான் அவர் இடத்தில் இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மாத்திரைகளை நானே வாங்கி வருவேன். அட்டையிலிருந்து பிரித்து ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் போட்டு அவளிடம் கொடுப்பேன். 'இரும்பு' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை.

பிறகு ஸராந்தோஸ் என்ற பையனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் நல்லவன், மீன்பிடிப் படகு வைத்திருந்தான். அவன் அப்பா கிர்யாகூலிஸ் வாய்த்துடுக்கு ஆள், ஆனால் மானம் உள்ளவர். எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"நிலம், வீடு எல்லாம் எனக்கு வேணாம், லிகூர்கோஸ். இரத்தம் சுத்தமா, அது மட்டும் சொல்லு. உன் சம்சாரம் சின்ன வயசுலயே போயிட்டாங்கல்ல?"

"இருதயம்," என்றேன்.

"இருதயம்னா சரி. இருதயம் நம்ம எல்லாருக்கும்தான் நிக்கும்."

சிரித்தோம். அந்தக் கணத்தில் நோயின் உண்மையான பெயரைச் சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். அம்மாவுக்கும் அது, மகளுக்கும் அது என்றால் அந்த வீடே அழுகிய மரம் என்று ஊர் சொல்லும். ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் பேத்திகளைக்கூட யாரும் கேட்டு வரமாட்டார்கள். நான் பேசவில்லை. டாக்டர் அக்லயாவிடமும் கல்யாணம் பற்றிச் சொல்லவில்லை. அவர் மாப்பிள்ளையை அழைத்து வரச் சொல்வார் என்று தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகு மாதாமாதம் ஆலிவ் எண்ணெயும் ஆரஞ்சும் கூடையில் வைத்து, சட்டைப்பையில் புட்டியோடு அவர்கள் வீட்டுக்குப் போவேன். சம்பந்தி அதை ஒரு வேடிக்கையாக்கிவிட்டார்.

"வாங்க சம்பந்தி, ஆணிப் புட்டி வந்துடுச்சா? இவ்வளவு இரும்பு தின்னா உங்க பொண்ணுமேல காந்தம் ஒட்டிக்கும்!"

"ஒட்டினா நல்லதுதான் மாமா," என்பாள் ஸ்டமாத்தா. "உங்க பிள்ளை படகுல எங்க போனாலும் இழுத்துட்டு வந்துடுவேன்."

ஸராந்தோஸ் வெட்கப்பட்டுக்கொண்டு மீனைக் கழுவப் போவான். அவள் அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தாள். நான் செய்தது சரிதான் என்று அப்போதெல்லாம் தோன்றும்.

கர்ப்பமாக இருக்கிறாள் என்று ஆலிவ் அறுவடை நேரத்தில், மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்கள். சம்பந்தி உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து வானத்தைப் பார்த்துச் சுட்டார். "என்ன மாமா, இன்னும் பொறக்கவே இல்ல!" என்று பெண்கள் கத்தினார்கள். "சத்தம் கேட்டு ஆம்பளைன்னு முடிவு பண்ணிக்கட்டும்," என்றார். எல்லோரும் அவளிடம் 'நல்லபடியா விடுதலை ஆகட்டும்' என்று வாழ்த்தினார்கள். கர்ப்பிணிக்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் வாழ்த்து அதுதான். நானும் சொன்னேன். புட்டி என் சட்டைப்பையில் இருந்தது.

அன்று கிளம்பும்போது அதைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

மறுநாள் ஃபோன் செய்யப் போனேன். எங்கள் ஊரில் காபிக்கடையில்தான் ஃபோன், கல்லா மேசைமேல். கடைக்காரன் ஃபோனை என் பக்கம் நகர்த்திவிட்டு, "யாருக்கு அண்ணே, ஆஸ்திரேலியாவுக்கா? சத்தமாப் பேசுங்க, கடல் தாண்டிப் போகணும்ல," என்றான். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் சம்பந்தியின் மைத்துனன். மறுமுனையில் டாக்டர் அக்லயாவின் குரல் கேட்டது. "சொல்லுங்க, யாரு பேசுறது?" என்று இரண்டு தரம் கேட்டார். நான் ஃபோனை வைத்துவிட்டேன். லைன் கிடைக்கவில்லை என்றேன்.

நேரில் போயிருக்கலாம். பஸ் இருந்தது. அறுவடை முடியட்டும் என்று நினைத்தேன், பிறகு மழை நிற்கட்டும் என்று. குழந்தைக்குக் கெடுதல் 'ஆகும்' என்று டாக்டர் சொல்லவில்லை, 'ஆகலாம்' என்ற அர்த்தத்தில்தான் சொன்னார் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். மனிதன் தனக்குத்தானே வக்கீலாக இருக்கும்போது வழக்கில் தோற்பதில்லை.

இப்போது சிமியோன் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் நகரத்தில் வளர்ந்தவர். எங்கள் பக்கத்தில் பிப்ரவரியில் புனித சிமியோன் திருநாளன்று கர்ப்பிணிகள் ஒரு வேலையும் செய்யமாட்டார்கள். முக்கியமாகக் கத்தியைத் தொடக் கூடாது. சிமியோன் என்ற பெயரும் அடையாளம் போடுவது என்ற சொல்லும் எங்கள் மொழியில் காதுக்கு ஒன்றுபோலவே விழும். அன்று அவள் எதை வெட்டினாலும் புனிதர் குழந்தையின்மேல் அடையாளம் போட்டுவிடுவார் என்பார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்களும் அன்று கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

அன்றைக்கு நான் புட்டியோடு போனேன். சம்பந்தியம்மாள் கோயிலுக்குப் போயிருந்தார். ஆண்கள் கடலில். நடந்து வந்ததில் எனக்குப் பசி. ஸ்டமாத்தா என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"சாப்பிடலையா அப்பா? இருங்க, ரொட்டி தரேன்."

"உன் மாமியார் வரட்டும். இன்னைக்கு நீ கத்தியைத் தொடாத."

"உங்களுக்குத்தானே அறுக்கிறேன். சாமி கண்டுக்கமாட்டார்," என்று சிரித்துக்கொண்டே ரொட்டியை மார்போடு அணைத்து அறுத்தாள். பாலாடைக்கட்டியும் வைத்தாள். நான் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துவிட்டுப் புட்டியைக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவளைக் கிதியோவில் பிரசவ டாக்டரிடம் காட்டினார்கள். நானும் கூடப் போனேன். ஒரு சந்தேகமும் வரக் கூடாது என்பதற்காகப் போனேன் என்று இப்போது சொல்லிவிடலாம்.

"என்ன மருந்து சாப்பிடுற?" என்று கேட்டார்.

"இரும்பு மாத்திரை மட்டும் டாக்டர். ரொம்ப வருஷமா."

"இரும்பா? பேஷ். கர்ப்பத்துக்கு அதுதான் வேணும். விடாம சாப்பிடு. பத்தலைன்னா இன்னொண்ணும் சேத்துக்க."

எனக்கு ஒரு பக்கத்தில் அவள், இன்னொரு பக்கத்தில் அவர். ஒரு வாக்கியம் போதும். 'டாக்டர், உங்ககிட்ட ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்.' அவ்வளவுதான். வெளியே வந்து மருந்துக்கடையில் உண்மையான இரும்பு மாத்திரை ஒரு பெட்டி வாங்கினேன்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், அம்மா. இதற்காகத்தான் இன்று வந்தேன்.

அந்தப் பெட்டி கையில் இருந்தபோது, புட்டியில் இருப்பதைக் கொட்டிவிட்டு இதைப் போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து யோசித்தேன். மருந்தை நிறுத்தினால் நோய் விழித்துக்கொள்ளும். அவள் அந்த வீட்டில் படுத்துவிட்டால் ஏதென்ஸுக்குக் கொண்டுபோவார்கள், டாக்டர்கள் பேசுவார்கள், பெயர் வெளியே வந்துவிடும். மருந்து தொடர்ந்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகலாம். பிறக்காத குழந்தைக்கு ஏதாவது ஆனால் யாரும் காரணம் தேடமாட்டார்கள். கடவுள் கொடுத்தார், கடவுள் எடுத்துக்கொண்டார் என்பார்கள். அடுத்த குழந்தை என்பார்கள்.

நான் மகளின் உயிரைத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று இத்தனை நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். எந்த அப்பனும் அதைத்தான் செய்வான் என்றும் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவளும் குழந்தையும் இருவருமே பிழைக்கும் வழி ஒன்று இருந்தது. அதை டாக்டர் அக்லயா என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அந்த வழிக்கு விலை எங்கள் வீட்டின் பெயர் மட்டும்தான். அது எனக்கு அதிகமாகப் பட்டது.

இரும்புப் பெட்டியை அவளிடம் கொடுத்து, "இது டாக்டர் சொன்ன இன்னொண்ணு. புட்டியில இருக்கிறதையும் நிறுத்தாத," என்றேன்.

கோடையில் பிரசவம் ஆனது. பையன். வயிற்றின் முன்பக்கம் மூடவில்லை. கைகளில் விரல்கள் முழுதாக இல்லை. இதற்குமேல் சொல்லமாட்டேன், மருத்துவக் குறிப்பில் எல்லாம் இருக்கிறது. காலையில் பிறந்தவன் மதியம்வரை மூச்சுவிட்டான்.

ஞானஸ்நானம் இல்லாத குழந்தை போகக் கூடாது. பாதிரியார் வர நேரமில்லை என்றால் யாராவது குழந்தையைக் காற்றில் மூன்று தரம் தூக்கி ஒரு பெயர் சொன்னால் போதும், செல்லும். முதல் பேரனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயர்தான் வர வேண்டும். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து சம்பந்தியிடம் நீட்டினாள்.

"பேரு சொல்லுங்க தாத்தா, சீக்கிரம்."

அவர் பின்னால் நகர்ந்தார். "என் பேரை மண்ணுக்குள்ள போட மாட்டேன். அது அடுத்தவனுக்கு இருக்கட்டும்."

"ஏதாவது ஒரு பேரு சொல்லுங்கய்யா. மூச்சு நிக்கப்போகுது."

நான் வாங்கிக்கொண்டேன். தூக்கினேன். லிகூர்கோஸ் என்று சொன்னேன். எடையே இல்லை. துணிக்குத்தான் எடை இருந்தது. என் பெயரைக் கேட்டதும் அந்த முகத்தில் ஏதோ அசைந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. என் பெயரோடு ஒரு ஆண்பிள்ளை பூமியில் இருந்தது அவ்வளவு நேரம்தான். அன்று எல்லோரும் என்னைப் பெரிய மனிதன் என்றார்கள். சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அதையே தண்டனையாக வைத்துக்கொண்டு கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஸ்டமாத்தா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்பா, நான் என்ன பண்ணேன்? நான் என்ன சாப்பிட்டேன்? எதைத் தூக்கினேன்?" சம்பந்தியம்மாளும் கேட்க ஆரம்பித்தார். ஸராந்தோஸ் மட்டும் கேட்கவில்லை. ஆனால் ஏதென்ஸில் பெரிய டாக்டரிடம் காட்டலாம், இரத்தம் எல்லாம் சோதிக்கலாம் என்றான்.

அவன் அதைச் சொன்ன உடனே நான் பேசினேன். எல்லோருக்கும் கேட்கும்படி பேசினேன்.

"டாக்டர் என்னத்துக்கு? சிமியோன் நாள்ல இவ கத்தி எடுத்தா. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். வேணாம்னு சொன்னேன், கேக்கல."

சம்பந்தியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். ஸ்டமாத்தா தன் வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் யாருக்காக ரொட்டி அறுத்தாள் என்று சொல்வாளோ என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு அவள் கத்தியைத் தொடுவதில்லை. ரொட்டியைக் கையால் பிய்க்கிறாள். மீனைச் சுத்தம் செய்ய மாமியாரைக் கூப்பிடுகிறாள். ஊரில் கர்ப்பிணிகள் அவள் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறார்கள். புட்டியை மட்டும் மாதாமாதம் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அடுத்த தடவைக்காவது என் இரத்தம் நல்லா இருக்கணும்பா," என்று வாங்கிக்கொள்வாள்.

மீதி உங்களுக்குத் தெரியும். மரம் கவாத்துச் செய்யும்போது விழுந்து என் இடுப்பு பிசகியது, எழுந்திருக்க முடியவில்லை. புட்டி காலியானதும் ஸராந்தோஸ் கடைசி மாத்திரையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனான். "இது இரும்பு இல்ல தம்பி, இது உனக்கு யாரு குடுத்தது?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். அவன் அவளை ஏதென்ஸுக்குக் கூட்டிப் போனான். டாக்டர் அக்லயாவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. நல்லவேளை, சிகிச்சை விட்டுப்போகவில்லை. அவளுக்கு இப்போது தன் நோயின் பெயர் தெரியும்.

போன முறை அவள் இங்கே கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். டாக்டர் அவளிடம் நேர்மையாகப் பேசியிருக்கிறார்: அந்த மருந்தால்தான் இருக்க வேண்டும், ஆனால் ஒரு குழந்தையை வைத்து முழு நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று. அதற்கு என் மகள் சொல்லியிருக்கிறாள்: 'மாத்திரை என்னன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா குடுத்திருக்கமாட்டார். கத்தி எடுத்தது நான்தான். அப்பா பாத்தார். அப்பா பொய் சொல்லமாட்டார்.'

அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்தேன். ரொட்டியை அறுக்க முடியவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். மாத்திரை என்னவென்று தெரியும், அது குழந்தையை என்ன செய்யும் என்று தெரியும், வேறு வழி இருந்தது என்று தெரியும். தெரிந்தே கொடுத்தேன். சிமியோன் நாளைப் பற்றிச் சொன்னபோது அது காரணம் இல்லை என்றும் தெரியும். அவளை மறுபடி ஏதென்ஸுக்குப் போகவிடாமல் தடுக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். இதை அவளிடம் வாசிக்கும்போது, டாக்டர் சொன்னதாக இல்லாமல், நானே என் வாயால் சொன்னேன் என்று சொல்லுங்கள். அப்போதுதான் நம்புவாள். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் அவள் இதுவரை சந்தேகப்பட்டதில்லை, அம்மா. பெண்ணை அப்படி வளர்த்திருக்கிறேன். அதில் மட்டும் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.